ஈடில்லாக் கமக்காரரும் சீனி ஆலைகளும்

தென்னாபிரிக்காவில் 1913ஆம் ஆண்டுக் காணிச் சட்டம், கறுப்பின மக்களுக்கென நாட்டு நிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கையே ஒதுக்கிற்று. குவாசூலு-நேற்றால் மாகாணத்துச் சிறு கமக்காரர் பலர் இன்றும் குலத்தலைவரின் மேற்பார்வையிலுள்ள பொதுக் காணியிலேயே கரும்புச் செய்கை பண்ணுகின்றனர். அக்காணியை ஈடு வைத்தல் இயலாது. ஆகவே வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின.

1973இல், ஆலைக்காரரும் செய்கையாளரும் அங்கம் வகிக்கும் தென்னாபிரிக்கச் சீனிச் சங்கம் இவர்களுக்கெனக் கடனுதவி நிதியம் ஒன்றை நிறுவியது. காணிக்குப் பதிலாக விளைவே பிணையாயிற்று. கரும்பு ஆலையிற் சேர்ந்ததும் கடன் தவணை அதன் விலையிற் கழிக்கப்பட்டது. பின்னர், வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும் பயிருக்கு உரமிடவும் களை போக்கவும் வருவாயில் ஒரு பகுதி சேமித்து வைக்கப்படும் முறையும் ஏற்பட்டது.

ஆயினும், விளைவை வாங்குவோர் ஒருவரேயாயின், அவருடைய தளர்ச்சி கமக்காரரையும் தாக்கும். 2022 ஒக்டோபரில் ரொங்காற் ஹியூலெற் என்னும் பெரிய சீனிக் கம்பனி கடன் மிகுதியால் மீட்பு நிருவாகத்தின்கீழ் வந்தது. அதன் ஆலைகளுக்குக் கரும்பு கொடுத்த செய்கையாளர் பணம் வந்து சேருமோவெனக் கலங்கினர்.

கம்பனி உதவி நன்றே. ஆனால் நிறை, விலை, கழிவு, பணந்தரும் நாள் ஆகிய நான்கும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அவற்றைக் கேட்டறிந்த பின்னரே கமக்காரர் கையொப்பமிடுதல் தகும்.