மடத்துக் கம்பும் சேனாபதியின் கண்ணும்

1561-ஆம் ஆண்டில், வட எல்லையிலிருந்து தெற்கே மாற்றலாகிச் சென்றுகொண்டிருந்த மிங் வமிசத்துச் சேனாபதி யூ தாயோ, கம்புப் போரைப் பற்றித் தாமே நூல் எழுதும் அளவுக்குக் கைதேர்ந்தவராகையால், வழியில் ஹெனான் மாகாணத்து ஷாவோலின் மடத்தில் இறங்கி, அங்குள்ள பிட்சுக்களின் பிரசித்தி பெற்ற கம்பு வித்தையைத் தமக்குக் காட்டும்படி கேட்டார். காட்டினார்கள். கண்டு முடித்ததும், பழைய வித்தையின் சாரம் இங்கே தொலைந்துபோயிற்று என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பிட்சுக்கள் அதற்காகச் சினம் கொள்ளவில்லை. தங்களுக்குக் கற்பிக்குமாறு வேண்டிக்கொண்டார்கள். இளமையும் வலிமையும் உள்ள இருவரைச் சேனாபதி தம்மோடு தெற்கே அழைத்துச் சென்று, சில ஆண்டுகள் படையோடு வைத்துப் பழக்கிய பிறகே திருப்பியனுப்பினார். குங்ஃபூவின் தாய்வீடு என்று உலகம் கொண்டாடும் இடம், தன் புகழின் உச்சத்திலேயே வெளியார் ஒருவரிடம் பாடம் கேட்டது என்பதை அந்த மடத்தின் பெருமை பேசுவோர் அதிகம் சொல்வதில்லை.

நமக்குத் தெரிந்த கதையோ வேறு. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசரான போதிதருமர் சீனம் சென்று, ஒன்பதாண்டுகள் சுவரை நோக்கித் தியானித்து, உடல் நலிந்த பிட்சுக்களுக்குத் தேகப்பயிற்சியும் போர்க்கலையும் கற்பித்தார் என்னும் ஐதிகம், 2011-இல் வந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்துக்குப் பின் தமிழ்நாட்டில் ஏறக்குறைய சரித்திரமாகவே நிலைத்துவிட்டது. ஆனால் போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல், 547-ஆம் ஆண்டளவில் லோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதப்பட்டது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. தென்னிந்திய அரசகுமாரர் என்பது அதற்கு அடுத்து வந்த வேறொரு மரபு. இரண்டிலும் குத்துக்கோ உதைக்கோ இடமில்லை. அவரைப் போர்க்கலையோடு இணைத்தது 1624-ஆம் ஆண்டில் ஒரு தாவோயிசச் சந்நியாசி இயற்றிய தசைநார்ப் பயிற்சி நூலே. அதற்குப் பழமை கற்பிக்கும் பொருட்டு, ஏழாம் நூற்றாண்டுத் தளபதி லீ ஜிங்கின் பெயரில் ஒரு முன்னுரை சேர்க்கப்பட்டது. அதில் தளபதி இந்நூலைத் தமக்குத் தந்தவராகச் சொல்லும் சுருள்தாடி வீரர், ஒரு புனைகதையின் பாத்திரம்! பொய் முன்னுரை எழுத வந்தவர் கொஞ்சம் சரித்திரமும் படித்திருக்கலாம்.

இந்தியத் தொடர்பே இல்லை என்பதல்ல. 495-ஆம் ஆண்டில் ஷாவோலின் மடம் எழுப்பப்பட்டதே பாதுவோ என்று சீனர் அழைத்த ஓர் இந்தியத் துறவிக்காகத்தான். அவர் போதித்தது தியானம். 621-இல், பின்னர்ச் சக்கரவர்த்தியான லீ ஷிமினுக்கு அம்மடத்துப் பிட்சுக்கள் போரில் துணைநின்றார்கள் என்பதற்கு 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சான்று பகர்கிறது. எவ்விதம் போரிட்டார்கள் என்று அது சொல்லவில்லை. பின்னர்ப் பல நூற்றாண்டுகள் கழித்து மடத்தின் புகழ் ஆதாரங்களில் தெளிவாகத் தெரியும்போது, பிட்சுவின் கையில் இருப்பது கம்பு. வெறுங்கை வித்தையை அவர்கள் அதே தரத்துக்கு உயர்த்த முயன்றுகொண்டிருந்தார்கள் என்று, அங்கே பயின்ற செங் சோங்யோ பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எழுதுகிறார்.

வெறுங்கைக்குப் போர்க்களத்தில் இருந்த மதிப்பை அறிய, யூ தாயோவின் சமகாலத்தவரான சி ஜிகுவாங்கின் படைநூலைப் பார்க்கவேண்டும். ஜப்பானிய நீள்வாளுக்கு எதிராக அவர் நிறுத்திய சிறு அணியில் கேடயம் ஏந்தியவர், ஈட்டிக்காரர், திரிசூலக்காரர் ஆகியோரோடு, கிளைகளைக் கழிக்காத முழு மூங்கிலைத் தாங்கி வாளை அண்டவிடாமல் தள்ளிநிறுத்தும் வீரர்களும், சோறு சமைக்க ஒருவரும் இருந்தார்கள். மல்லர் என்று எவரும் இல்லை. அந்நூலில் முப்பத்திரண்டு நிலைகளோடு முஷ்டிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. பெரும்போருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை, கைகாலைப் பழக்கிச் சுறுசுறுப்பாக்கும் முதற்படி அது என்பதே சேனாபதியின் கருத்து. பார்வைக்கு அழகான வீச்சுகளை அவர் பல இடங்களில் ஏளனம் செய்கிறார்.

அந்த ஏளனத்துக்கு இன்றைய உடலியல் காரணம் சொல்கிறது. கண் ஓர் அசைவைக் கண்டு, கை அதற்கு மறுமொழியாகப் புறப்படுவதற்குள் விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். தேர்ந்தவன் விடும் குத்து அதற்குள்ளாகவே முகத்தை எட்டக்கூடும். ஆகவே பழகிய சண்டைக்காரன் பார்ப்பது முஷ்டியை மட்டும் அன்று. தோள் சற்றே திரும்புவது, இடுப்பு இறங்குவது, பின்காலில் பாரம் ஏறுவது ஆகிய இவற்றிலிருந்து வரப்போவதை அவன் முன்கூட்டியே ஊகித்துக்கொள்கிறான். இந்த ஊகம், தன்னை வீழ்த்த மனதார முயலும் எதிராளியோடு இடைவிடாமல் பொருதுவதால் மட்டுமே கைகூடும். காற்றோடு பொருதும் வரிசைப் பயிற்சி எத்தனை ஆண்டு நீடித்தாலும் அதைத் தருவதில்லை. கண்ணைக் குத்துவதும் தொண்டையை நெரிப்பதும் எங்கள் மரபு, ஆகவே போட்டிக்கு வரமாட்டோம் என்று சொல்லும் ஆசான்களின் இக்கட்டு இதுவே. முழு வலுவோடு பழக முடியாத அடி, பெயரளவில் எவ்வளவு கொடியதாயினும், பழகாத அடிதான். 1882-இல் ஜப்பானில் ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ, ஆபத்தான பிடிகளை மோதற்பயிற்சியிலிருந்து விலக்கி, மிஞ்சியதை முழு மூச்சுடன் பழகச் செய்ததன் வெற்றி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

1954 ஜனவரி 17 அன்று மக்காவோவில், தாய்ச்சி ஆசான் ஒருவரும் வெண்கொக்குப் பாணியினர் ஒருவரும் பெருங்கூட்டத்தின் முன் மோதிக்கொண்டார்கள். சினிமாவில் காணும் லாகவம் ஏதுமின்றி, மூக்கில் இரத்தம் வழிய நடந்த அந்தச் சண்டை, வெற்றி தோல்வியின்றி நிறுத்தப்பட்டது. ஆயினும் அதன் பரபரப்பைப் பயன்படுத்திக்கொண்டு ஹாங்காங் நாளிதழ் ஒன்று மூன்றாம் நாளே லியாங் யூஷெங்கின் வீரதீரத் தொடர்கதையைத் தொடங்கிற்று. புதிய வீரகதை இலக்கியம் அங்கிருந்தே பெருகியது. 2017-இல் செங்டு நகரத்தில் தாய்ச்சிக்காரர் வே லேயை, கலப்புச் சண்டை வீரரான ஷூ ஷியாவோதொங் அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அதே சீனத்தில், பழைய குத்து, உதை, தள்ளுப்பிடிகளைக் கையுறையோடும் எதிராளியோடும் பழகும் சாந்தா, மேடைகளில் நன்றாகவே நிற்கிறது.

மேடையில் நிற்காத தாய்ச்சி, மருத்துவசாலையில் நிற்கிறது. சாங் சான்ஃபெங் என்னும் சித்தரே அதைப் படைத்தார் என்பது ஐதிகம். தாங் ஹாவோ என்ற ஆராய்ச்சியாளர் 1930-களில் அதன் தோற்றத்தைத் தேடிச் சென்று, ஹெனானின் சென் குடும்பத்துக் கிராமத்தில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு போர்வீரரைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில், விழுந்துவிடும் அபாயமுள்ள 670 முதியோரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. வெறும் தசைநீட்டற் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட, தாய்ச்சி பயின்றவர்கள் கீழே விழுந்தது 58 சதவீதம் குறைவு. பலவகைத் தேகப்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மெல்ல மாற்றி, உடல் சாயும் எல்லையை அறிந்து மீள்வதே அங்கே நடைபெறும் பயிற்சி. முதியோர் தடுமாறுவதும் அந்த எல்லையில்தான். அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது சென் கிராமத்து நெடும்வரிசையன்று. அதிலிருந்து வளர்ந்த பாணியின் எட்டு அசைவுகளைத் தேர்ந்தெடுத்து, சமநிலைக்கென்றே ஆராய்ச்சியாளர்கள் திருத்தியமைத்த ஒரு வரிசை.