குப்பைமேட்டில் ஒரு கருவி

கதிரியக்கம் என்றதும் அணுகுண்டை நினைத்து நடுங்குவது நமக்குச் சுபாவமாகிவிட்டதாயினும், காலடி மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவற்றிலிருந்தும், ஆகாய வெளியிலிருந்தும், சுவாசத்தில் புகும் ரேடான் வாயுவிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சை ஏற்றுக்கொண்டேதான் மனிதர்கள் ஜீவிக்கிறார்கள். இந்த அளவு எங்கும் சமமாயிராது. மோனசைட் மணல் படிந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் குப்பையின் சகாயம் யாதுமின்றியே கதிர்வீச்சை அளக்கும் கருவியின் முள் எகிறும். ஆகவே, நகரத்துக் குப்பைமேடு ஒன்றைப் பரிசோதிக்கப் புறப்படுகிறவர், முதலில் சற்றுத் தொலைவில், அதே வகை மண்ணுள்ள சுத்தமான ஸ்தலத்தில் நின்று, அப்பிரதேசத்தின் இயற்கை அளவு இன்னதென்று குறித்துக்கொள்கிறார்.

அதன்பின் மேட்டிலேறிக் கருவியைத் தரைக்கு 1 மீட்டர் உயரத்தில் பிடித்து, அணுக்கள் சிதைவது கூரைமேல் விழும் முதல் மழைத்துளிகளைப் போல ஒழுங்கின்றி நிகழ்வதால், ஒவ்வோர் இடத்திலும் பலமுறை அளந்து சராசரி காண்கிறார். மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் என்று வந்தால், ஆண்டின் 8,760 மணிக்கு அது ஏறக்குறைய 0.88 மில்லிசீவர்ட் ஆகும். நிலக்கரிச் சாம்பல், கட்டட இடிபாடு, பழைய பெட்ரோமாக்ஸ் மாண்டில் (அதில் தோரியம் உண்டென்பதைக் கல்யாண ஊர்வலத்தில் அவ்விளக்கைச் சுமந்தவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை) முதலியவற்றால் முள் சிறிது நகரலாம், அது பெரிதன்று. அஞ்சத்தக்கது, உலோகத் துண்டாய் எங்கோ ஒளிந்து கிடக்கும் வீரியமான பொருளே. 1 மீட்டரில் அது காட்டும் அளவு 10 மீட்டரில் நூற்றில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிடுமாதலால், நாலைந்து இடங்களின் சராசரியை மட்டும் அச்சிட்டு அபாயமில்லையென்று முடிக்கும் அறிக்கைகளில் எனக்கு நம்பிக்கையில்லை.

அப்படியொரு பொருள் செய்யக்கூடியதை டில்லி கண்டிருக்கிறது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் துறையில் வெகுகாலம் பயனற்றுக் கிடந்த, காமா கதிரைப் பாய்ச்சும் இயந்திரமொன்று, 2010 பிப்ரவரியில் ஏலம் போய், அந்நகரத்து மாயாபுரியின் காயலான் கடைகளில் உடைபட்டபோது, அதிலிருந்த கோபால்ட்-60 துண்டுகள் கைக்குக் கை மாறின. ஒரு வியாபாரி ஒரு துண்டைப் பணப்பையிலேயே வைத்திருந்தார். ஐந்தேகால் ஆண்டுக்கொருமுறை வீரியம் பாதியாகும் அப்பொருளில், சுமார் நாற்பது ஆண்டுக்குப் பின் மிஞ்சியது 200 இல் ஒரு பங்களவே. அதுவே அந்த ஏப்ரலில் ஓர் உயிரைக் குடித்தது. அணுசக்தி நிபுணர்கள் அளவுகருவிகளுடன் கடை கடையாக நுழைந்து, முள் எகிறிய திக்கில் அடிமேல் அடி வைத்துத் தேடி, துண்டுகளைப் பொறுக்கி ஈயப் பெட்டிகளில் அடைத்து, நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.