பத்து மணி நேரம்... ஒரு நீலப் பறவை!

எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து அஞ்சு யூனிட்டையும் முடிக்கிற ஆளா பாஸ் நீங்க? அப்ப ஸ்டெல்லரை உங்களுக்குக் கண்டிப்பா பிடிக்கும்.

ஜெர்மன்காரர். 1741-ல் கேப்டன் பெரிங்கோட ரஷ்யக் கப்பல்ல அலாஸ்கா பக்கம் காயாக் தீவுக்குப் போனார். கப்பலை நிறுத்தினது தண்ணி பிடிக்க! இவருக்குக் கிடைச்சது சுமார் பத்தே மணி நேரம். அதுக்குள்ள செடிகளைச் சேகரிச்சார். கொண்டை வெச்ச ஒரு நீலப் பறவை சிக்குச்சு. அமெரிக்க 'ப்ளூ ஜே' படத்தை ஏற்கெனவே புத்தகத்துல பார்த்திருந்ததால, 'அட, இது அமெரிக்காதான்'னு புரிஞ்சுக்கிட்டார். (நமக்கு சிலபஸ் புக்கே ஞாபகம் இருக்காது!) இன்னிக்கு அது 'ஸ்டெல்லர் ஜே'. ஒரு கடல் சிங்கம், ஒரு கடல் கழுகுக்கும் அவர் பேர்தான்.

'ஸ்டெல்லர் கடல் பசு'தான் மனசை உறுத்துது. திரும்பும்போது ஒரு தீவுல கப்பல் சிதைஞ்சு, பெரிங் அங்கேயே இறந்துட்டார். மிச்சப் பேரைக் காப்பாத்தினதுல எட்டு மீட்டர் நீளமுள்ள இந்தச் சாதுவோட கறிக்கும் பங்கு உண்டு. பின்னாடியே ரோம வியாபாரத்துக்காக வேட்டைக்காரங்க வந்தாங்க. 27 வருஷம்தான்... 1768-லயே இனம் காலி!

உயிரோட பார்த்து விவரமா எழுதின ஒரே விஞ்ஞானி ஸ்டெல்லர். கொன்னு கரையில போட்ட பெண் பசுவைத் தேடி, அதோட ஜோடி ரெண்டு நாள் கரைக்கு வந்ததையும் அவர்தான் எழுதி வெச்சிருக்கார்.