78 வருடம் தாமதமாக வந்த பதக்கம்

டெடி ஷீனுக்கு அன்று பதினெட்டு வயது. பத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு இன்னும் 27 நாட்கள் பாக்கி இருந்தன. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வயதில் கல்லூரி முதல் வருடத்தில் இருப்பார்கள். சாப்பிட வாடா என்று நாலு தடவை கூப்பிட்டால்தான் எழுந்து வருவார்கள். டெடி அந்த வயதில் ஒரு போர்க்கப்பலில், விமானங்களைச் சுடும் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்திரேலியாவின் தெற்கே டாஸ்மேனியா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே லோயர் பேரிங்டன் என்ற சிற்றூரில் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில், 1923 டிசம்பர் 28-ல், பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தவர் அவர். குடும்பம் பிறகு லாட்ரோப் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. படிப்பு முடிந்ததும் பண்ணைகளில் வேலை. அண்ணன் தம்பிகளில் ஐந்து பேர் ஏற்கெனவே படையில் இருந்தார்கள். 1941 ஏப்ரலில் டெடியும் கடற்படையில் பெயர் கொடுத்தார். அவருக்குக் கிடைத்த பதவி 'ஆர்டினரி சீமன்', அதாவது சாதாரண மாலுமி. கடற்படையின் ஏணியில் கீழ்ப்படி.

அவர் போய்ச் சேர்ந்த கப்பலின் பெயர் 'ஆர்மிடேல்'. பெரிய கப்பல் எல்லாம் இல்லை. கார்வெட் என்று சொல்லப்படும் சிறு வகைப் போர்க்கப்பல்.

1942 நவம்பர் கடைசி. திமோர் தீவு ஜப்பானியர் பிடியில் இருந்தது. அங்கே மறைந்திருந்து போராடிவந்த ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களையும், போர்த்துகீசியப் பொதுமக்களையும் மீட்டு வர வேண்டும். அவர்களுக்குப் பதிலாகப் புதிய வீரர்களை இறக்கிவிடவும் வேண்டும். அதற்காக டார்வின் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல்களில் ஆர்மிடேலும் ஒன்று. அதில் மாலுமிகளோடு டச்சுக் கிழக்கிந்தியப் படையின் வீரர்கள் 61 பேரும் இருந்தார்கள். எல்லோரையும் சேர்த்தால் 149 பேர்.

டிசம்பர் 1-ம் தேதி பிற்பகல், ஜப்பானிய விமானங்கள் வந்தன. மூன்று மணிக்கு மேல் ஒரு டார்பிடோ கப்பலின் இடது பக்கத்தைப் பிளந்தது. அடுத்து இன்னொன்று. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. 'கப்பலை விட்டு வெளியேறுங்கள்' என்று கேப்டன் உத்தரவு போட்டார். எல்லோரும் கடலில் குதித்தார்கள். விமானங்கள் அதோடு விடவில்லை. தாழப் பறந்து, தண்ணீரில் தத்தளித்தவர்களைச் சுட்டுத் தள்ள ஆரம்பித்தன.

டெடி முதலில் ஓர் உயிர்காக்கும் மிதவையை அவிழ்த்துவிட உதவிக்கொண்டிருந்தார். அப்போதே அவர் உடம்பில் குண்டுகள் பாய்ந்தன, மார்பிலும் முதுகிலும். அவரும் குதித்திருக்கலாம். உத்தரவே அதுதான். அவர் திரும்பித் தளத்தின் பின்பகுதிக்குப் போனார். ஓர்லிகான் பீரங்கியில் தன்னை வாரால் கட்டிக்கொண்டார். சுட ஆரம்பித்தார்.

ஒரு குண்டுவீச்சு விமானம் கடலில் விழுந்தது. மற்ற விமானங்கள், தண்ணீரில் இருந்தவர்களை நெருங்க முடியாமல் விலகின. கப்பல் மூழ்கிக்கொண்டே போனது. தண்ணீர் அவர் காலைத் தொட்டு மேலே ஏறியது. அவர் சுடுவதை நிறுத்தவில்லை. நீருக்குள் போன பிறகும் அந்தப் பீரங்கியிலிருந்து குண்டுகள் மேலே வந்ததைப் பார்த்ததாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள்.

தப்பியவர்களின் கதையும் சாதாரணமானது இல்லை. கப்பலின் மோட்டார் படகிலும், துடுப்புப் படகிலும் ஏறியவர்கள் பல நாள் கழித்து மீட்கப்பட்டார்கள். ஒரு மிதவையில் இருந்தவர்களை விமானத்திலிருந்து பார்த்து, போட்டோகூட எடுத்தார்கள். மீட்புக் கப்பல் தேடிப் போனபோது மிதவை இல்லை. அந்தப் போட்டோ இன்றும் இருக்கிறது, அதில் இருப்பவர்கள் திரும்பி வரவே இல்லை. 149 பேரில் பிழைத்தவர்கள் 49 பேர்.

உச்சியா, அடியா?

இவ்வளவு செய்தவருக்கு நாடு என்ன கொடுத்தது? 1943-ல், போர் அறிக்கையில் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டும் கௌரவம் கிடைத்தது. அதற்கு அடையாளமாக வெண்கலத்தில் ஒரு சின்ன ஓக் மர இலை. அவ்வளவுதான்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்தியது இதுதான். அன்றைய பிரிட்டிஷ் முறைப்படி, எதிரியோடு போரிட்டு இறந்துபோனவருக்கு இரண்டு கௌரவங்களில் ஒன்றைத்தான் தர முடியும். ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலான விக்டோரியா கிராஸ். இன்னொன்று, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் இந்தப் பெயர்க் குறிப்பு. நடுவில் எத்தனையோ வீரப் பதக்கங்கள் உண்டு. ஆனால் அவை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். 1979 வரை இதுதான் நிலைமை. டெடி பிழைத்து வந்திருந்தால் நடுவில் ஏதாவது ஒன்றைச் சட்டையில் குத்தியிருப்பார்கள். இறந்ததால், உச்சி இல்லையென்றால் அடி என்றாகிவிட்டது. அதிகாரிகளின் பேனா அடிப்பக்கம் போய்விட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2020 வரை விக்டோரியா கிராஸ் பெற்ற ஆஸ்திரேலியர்கள் சரியாக 100 பேர். அவர்களில் அந்நாட்டுக் கடற்படைக்காரர் ஒருவர்கூட இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் கடலில் அத்தனை பேர் செத்திருக்கிறார்கள், ஒருவருக்குமா தகுதி இல்லை என்ற கேள்வி டாஸ்மேனியாவில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மரியாதையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. டெடி பீரங்கியோடு நிற்கும் காட்சியை 1978-ல் டேல் மார்ஷ் ஓவியமாக வரைந்தார். அது கான்பராவில் உள்ள போர் நினைவகத்தில் இருக்கிறது. 1999-ல் ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கு 'ஷீன்' என்று பெயர் வைத்தார்கள். அந்த வகையில் மொத்தம் ஆறு கப்பல்கள். மற்ற ஐந்துக்கும் அதிகாரிகளின் பெயர். இது ஒன்றுக்கு மட்டும்தான் ஒரு கடைநிலை மாலுமியின் பெயர். கப்பலுக்கே பெயர் வைக்கத் தகுதியுள்ளவருக்குப் பதக்கம் தரத் தகுதி இல்லையா என்று குடும்பம் கேட்டதில் என்ன தப்பு?

மறுபடியும் மறுபடியும்

டெடிக்குக் கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை. அவருக்காக அலைந்தது உடன்பிறந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும்தான். அவர்களோடு உயிர் தப்பிய மாலுமிகளும், டாஸ்மேனியாவின் அரசியல்வாதி கை பார்னெட்டும் சேர்ந்துகொண்டார்கள்.

2001-ல் நாடாளுமன்றத்தில் தனி மசோதாவே கொண்டுவந்தார்கள். நிறைவேறவில்லை. 2011-ல் அரசாங்கம் 13 பழைய வீரர்களின் பெயர்களைப் பரிசீலிக்கும்படி ஒரு தீர்ப்பாயத்திடம் சொன்னது. 2013-ல் பதில் வந்தது, 13 பேரில் ஒருவருக்கும் பதக்கம் இல்லை. பார்னெட் விடாமல் மறுபடி விண்ணப்பித்தார். 2019-ல் தீர்ப்பாயம் தன் நிலையை மாற்றிக்கொண்டு, விக்டோரியா கிராஸ் தரலாம் என்று ஒருமனதாகப் பரிந்துரைத்தது. அப்பாடா என்று குடும்பம் மூச்சு விட்டிருக்கும். 2020 மே மாதம், புதிய சான்று எதுவும் இல்லை என்று சொல்லி அரசாங்கம் அந்தப் பரிந்துரையை நிராகரித்தது!

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பழைய போர்களின் கோப்புகளை எல்லாம் இன்றைக்குத் திறந்தால் எங்கே போய் நிற்கும்? அன்று பார்த்த சாட்சிகள் இல்லை. அன்றைய அளவுகோல் வேறு. ஒருவருக்குக் கொடுத்தால் நூறு குடும்பங்கள் வாசலில் வந்து நிற்கும். இதெல்லாம் சரிதான். ஆனால் டெடி விஷயத்தில் சாட்சி இருந்தது. கண்ணால் பார்த்தவர்கள் கரைக்கு வந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னது மாறவில்லை. அதை எடை போட்டவர்களின் தராசுதான் மாறிக்கொண்டே இருந்தது. புதிய சான்று எங்கே என்று கேட்பதைவிட, பழைய சான்றைச் சரியாகப் படித்தோமா என்று கேட்டிருக்க வேண்டும்.

இது ஆஸ்திரேலியாவில் மட்டும் நடந்த சங்கதி இல்லை. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் அமெரிக்காவின் உயரிய பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் ஒரு கறுப்பின வீரருக்கும் தரப்படவில்லை. 1997 ஜனவரியில்தான் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்க உயிரோடு இருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவர் மட்டுமே. வயது 77.

டெடியின் ஆதரவாளர்கள் 2020-லும் ஓயவில்லை. எதிர்ப்பு வலுத்ததும் பிரதமர் ஸ்காட் மோரிசன், பிரெண்டன் நெல்சன் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். குழு எல்லாவற்றையும் மறுபடி படித்துப் பார்த்து, தரத்தான் வேண்டும் என்றது. ஆகஸ்ட் 12-ல் எலிசபெத் ராணி ஒப்புதல் அளித்தார். கடற்படைக்கு அது முதல் விக்டோரியா கிராஸ். பட்டியலில் 101-வது பெயர் ஆர்டினரி சீமன் எட்வர்ட் ஷீன்.

2020 டிசம்பர் 1. ஆர்மிடேல் மூழ்கி, நாள் தவறாமல் 78 வருடம். கான்பராவில் கவர்னர் ஜெனரல் டேவிட் ஹர்லி அந்தப் பதக்கத்தை டெடியின் குடும்பத்தாரிடம் கொடுத்தார். விக்டோரியா கிராஸும் வெண்கலத்தில்தான் செய்கிறார்கள், தங்கமோ வெள்ளியோ கிடையாது. மேலே ஒரு சிங்கம், கீழே 'வீரத்துக்காக' என்ற பொருளில் இரண்டே சொற்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும்.