கறுப்புக் காரில் பாலிஷுக்குப் பின் மங்கல்: மறைப்பதா, நீக்குவதா?

வணிகப் பெருமக்கள் பலரிடம் இன்று கார் இருக்கிறது. கொள்முதலுக்கும், வசூலுக்கும், குடும்பத்துடன் வெளியூர் சென்று வரவும் அது பயன்படுகிறது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களை விரும்பி வாங்குவோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று: "மெஷின் பாலிஷ் போட்டு எடுத்து வந்த அன்று கண்ணாடி போல் இருந்தது. நாலு முறை கழுவிய பிறகு வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பால் தெளித்தது போல் மங்கலாகத் தெரிகிறது."

இந்த மங்கல் ஏன் வருகிறது, எப்படி நீக்குவது, பாலிஷ் போடும் இடத்தில் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லும் நாம், பணம் கொடுக்கும் இந்த வேலையிலும் தரம் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

மங்கல் என்பது என்ன?

பாலிஷ் என்பது உண்மையில் தேய்த்தல்தான். காம்பவுண்ட் எனப்படும் பசையில் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்துகள்கள் உள்ளன. அவை பெயிண்டின் மேற்பரப்பைச் சிறிதளவு தேய்த்து எடுப்பதால் பழைய கீறல்கள் மறைகின்றன. ஆனால் அதே துகள்களும், கம்பளி பேடும் தம் பங்குக்குப் புதிய நுண்கீறல்களை விட்டுச் செல்கின்றன. இவை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கில் சேரும்போது ஒளியைச் சிதறடித்து மங்கலாகத் தெரிகின்றன.

வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. வெள்ளை டைல்ஸில் மைதா சிந்தினால் கண்ணில் படாது. கறுப்பு கிரானைட்டில் சிந்தினால் பளிச்சென்று தெரியும். அதே கதைதான் இங்கும்.

மெழுகு செய்யும் மாயம்

காம்பவுண்ட் வேலை முடிந்ததும் அடுத்த படியாக நுண் பாலிஷ் செய்ய வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்கச் சிலர் அதை விட்டுவிட்டு, எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷையோ மெழுகையோ பூசி விடுகிறார்கள். எண்ணெய் நுண்கீறல்களுக்குள் நிரம்பிக் கொள்வதால் அன்று கார் மின்னும். சில முறை ஷாம்பு போட்டுக் கழுவியதும் எண்ணெய் போய்விடும். கீறல் அப்படியே இருக்கும்.

மெழுகு கெட்ட சரக்கு என்று நாம் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு பாதுகாப்புக்காகப் பூசினால் நல்லதே. முடியாத வேலையை மூடுவதற்குப் பூசினால்தான் வாடிக்கையாளருக்கு நட்டம்.

முதலுக்கே மோசம்

நட்டம் பாலிஷ் கூலியோடு நிற்பதில்லை. மங்கல் தெரிந்ததும் நாம் மறுபடி போய் நிற்கிறோம். அவர் மறுபடி காம்பவுண்ட் போடுகிறார். ஒவ்வொரு முறையும் பெயிண்ட் தேய்கிறது.

மைக்ரான் என்ற அளவு நமக்குப் புதிதல்ல. பிளாஸ்டிக் பைக்கு மத்திய அரசு 2011-இல் 40 மைக்ரான், 2016-இல் 50, 2021-இல் 75, 2022 இறுதியில் 120 என்று கனத்தை உயர்த்திக் கொண்டே வந்ததையும், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கனம் எதுவானாலும் அந்தப் பைகளுக்குத் தடை வந்ததையும் கடை நடத்துவோர் மறந்திருக்க முடியாது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் கனம் சுமார் 35 முதல் 50 மைக்ரான். அதாவது அன்றைய மெல்லிய கேரி பேக் அளவுதான்.

வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது இந்தப் பூச்சே. இதை வணிகத்தில் போட்ட முதலாகக் கருத வேண்டும். தேய்த்தது திரும்ப வராது. மிகவும் மெலிந்தால் பூச்சு வெளுத்து உரியத் தொடங்கும். அதன் பிறகு எந்தப் பாலிஷும் உதவாது, பட்டறையில் விட்டுப் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

நீக்கும் முறை

மங்கலை நீக்க வலிமையான காம்பவுண்ட் தேவையில்லை. மென்மையான வேலைதான் தேவை.

1. காரைக் கழுவி உலர்த்தி, நிழலில் நிறுத்த வேண்டும். சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து ஒட்டிக் கொள்ளும்.

2. பாதி தண்ணீர், பாதி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து சிறிய இடத்தில் தெளித்து, மைக்ரோ ஃபைபர் துணியால் துடைத்துப் பார்க்கவும். மங்கல் போய்விட்டால் அது வெறும் எண்ணெய்ப் படிவு. போகாவிட்டால், அல்லது கூடினால், நுண்கீறல். இது தீப்பற்றும் பொருள், அருகில் நெருப்பு கூடாது. புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதியில் இதைச் செய்யக் கூடாது.

3. நுண் பாலிஷும், மென்மையான ஸ்பாஞ்சு பேடும் எடுத்து, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் முதலில் செய்து பார்க்க வேண்டும். அங்கே திருப்தியானால்தான் முழுக் காருக்கும் போக வேண்டும்.

4. ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் மெஷினைவிட, சுற்றிக் கொண்டே ஆடும் மெஷின் அடர் நிறத்துக்குப் பாதுகாப்பானது. வட்ட வட்டமான நிழல் கோடுகளை அது பெரும்பாலும் விடுவதில்லை. அழுத்தம் குறைவாகவும், கை நகர்வு மெதுவாகவும் இருக்க வேண்டும்.

5. காம்பவுண்டுக்குப் பயன்படுத்திய பேடை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் தங்கிய ஒரு முரட்டுத் துகளே புதிய கீறல் போடும். வேலையின் நடுவிலும் பேடை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

6. முடிந்ததும் மறுபடி ஆல்கஹால் கலவையால் துடைத்துப் பார்த்து, பிறகே மெழுகு பூச வேண்டும்.

பார்த்து வாங்கும் விதம்

டியூப் லைட் வெளிச்சத்தில் வண்டியைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். வெயிலில் நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் சாய்ந்து நின்று பாருங்கள். மாலையானால் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மெழுகு பூசுவதற்கு முன் ஓர் இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்குச் சங்கடப்பட மாட்டார். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி அவரிடம் இருந்தால், வேலைக்கு முன் அளந்து சொல்லச் சொல்வதும் நல்லது.

அதே சமயம் நம் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசும் வாடிக்கையாளருக்குச் சரக்கில் எங்கே கை வைக்கப்படும் என்பது நமக்குத் தெரியாததா? கூலியை நாம் மிகவும் குறைத்தால் முதலில் விடுபடுவது அந்த நுண் பாலிஷ்தான். எனவே "இரண்டு படியும் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, பேசி முடித்து, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். நுண் பாலிஷுக்கு என்று கொடுக்கும் கூலி, அடுத்த காம்பவுண்ட் வேலையைத் தவிர்க்கும்.

பிறகு கெடாமல் காக்க

மெஷின் போட்ட கீறலைவிட நாம் போடும் கீறல் அதிகம். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் காய்ந்த துணியால் தூசி தட்டுவது பலருடைய வழக்கம். தூசியே மணல்தான். தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிய பிறகே துணி வைக்க வேண்டும். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று இரண்டு வைத்துக் கொள்ளுங்கள். வண்டியின் மேல் சாக்கு மூட்டையையோ பெட்டியையோ வைத்து இழுக்க வேண்டாம் என்று கடைப் பையன்களிடமும் சொல்லி வையுங்கள்.

பளபளப்பு வட்டி போன்றது, கிளியர் கோட் முதல் போன்றது. வட்டிக்கு ஆசைப்பட்டு முதலைக் கரைக்கும் வேலையை எந்த வணிகரும் தெரிந்தே செய்ய மாட்டார். அடுத்த முறை காரைப் பாலிஷுக்கு விடும்போது இதை நினைவில் வையுங்கள்.