தொடர்பியல் ஆய்வில் ‘களன்’: வில்லியனூர்த் தகவல் மையங்களை முன்வைத்து

முன்னுரை

மனிதத் தொடர்பியலைக் கற்கத் தொடங்குவோர் முதலில் அறிவது, ஹெரால்டு லாஸ்வெல் 1948இல் வகுத்த வாய்பாடாகும். யார், எதை, எவ்வூடகத்தின் வழி, யாருக்கு, என்ன விளைவுடன் கூறுகிறார் என்னும் ஐந்து வினாக்களைக் கொண்டது அது. அனுப்புநர், உள்ளடக்கம், ஊடகம், பெறுநர், விளைவு என ஆய்வுக்களங்களையும் அவர் அதற்கேற்பப் பகுத்துக் காட்டினார். எங்கே, எப்போது என்னும் வினாக்கள் அதில் இடம்பெறவில்லை. 1958இல் ரிச்சர்டு பிராடக் சூழ்நிலை, நோக்கம் ஆகிய இரண்டையும் சேர்த்தார். சூழ்நிலையுள் அடங்கும் இடம் எத்துணை இன்றியமையாதது என்பதைப் புதுச்சேரி ஊரகச் சான்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

தொல்காப்பியக் கலைச்சொற்கள்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவை அடங்கும். இவை செய்யுளுக்குரிய உறுப்புகள்; நவீனத் தொடர்பியல் கோட்பாட்டைத் தொல்காப்பியர் முன்பே வகுத்துவிட்டார் என்பது இதன் பொருளன்று. எனினும், கூற்று நிகழும் இடத்தையும் பொழுதையும் தனித்தனி உறுப்புகளாகக் கொள்ளும் இப்பகுப்பு, களஆய்வுக்கு ஏற்ற கலைச்சொற்களைத் தருகிறது.

வில்லியனூர்ச் சான்று

1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன், வில்லியனூரை நடுவமாகக் கொண்டு ஊரகத் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் இயங்கியது. அனைத்துச் சாதியினரும் நுழையத்தக்க பொது இடமே மையத்திற்கு வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. எனவே இங்குக் களன் என்பது வெறும் கட்டடமன்று. கேட்போர் யார் என்பதை வரையறுக்கும் காரணியாகும்.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் இது மேலும் தெளிவாகிறது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெறப்பட்ட அலையுயர முன்னறிவிப்பு, தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. கணினியைத் தொடாதவரும் செய்தியைப் பெற்றனர். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு ஊரினர் ஒருவர் தொலைபேசியில் தந்த எச்சரிக்கையும் அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கி வழியாகவே பரவியது. ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினர். ஒருவருக்கு வந்த செய்தி, உரிய காலத்தில், ஊர் முழுவதும் கேட்கும் களனில் ஒலித்ததால் பயன் விளைந்தது.

ஆய்வுமுறை

ஒரு மையத்தின் பயனை அதன் வருகைப் பதிவேட்டைக் கொண்டு மட்டும் அளந்தால், கடற்கரையில் நின்று அறிவிப்பைக் கேட்டவர் கணக்கில் வாரார். வந்தவரிடமிருந்து கேட்டறிந்த குடும்பத்தினரும் வாரார். ஆகவே எண்ணிக்கை ஆய்வுடன் நேர்காணலும் பங்கேற்பு உற்றுநோக்கலும் இணைய வேண்டும். “இச்செய்தியை எங்கே, எப்போது, யார் சொல்லக் கேட்டீர்கள்?” என்பது வினாநிரலின் முதல் வினாவாதல் நன்று. பாகூர் ஏரிப் பாசனப் பகுதியில் வேளாண் செய்திப் பரவலை ஆராய்வோர், கைப்பேசி வைத்திருப்போரை எண்ணுவதோடு நில்லாது, வாய்க்கால் கரையிலும் தேநீர்க்கடையிலும் நியாயவிலைக் கடையிலும் நிகழும் உரையாடலையும் பதிவுசெய்தல் வேண்டும்.

முடிவுரை

செய்தி கருவியை அடைவது வேறு. மக்களை அடைவது வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் களனும் காலமுமே விளக்குகின்றன. அவற்றைத் தனி மாறிகளாகக் கொள்ளாத ஊரகத் தொடர்பியல் ஆய்வு, கருவியின் பரவலை அளக்குமேயன்றிச் செய்தியின் பயனை அளக்காது.