மலை ஏறாத ஷூ!

"டாக்டர், எங்க வீட்டு பீரோவுல புடவை வைக்க இடம் இல்லை. எல்லாம் இவரோட மலையேற்றச் சாமான்!"

திருச்சியில் என் வைத்தியசாலைக்கு ஒரு மாலை வந்த அந்த அம்மா, உட்காருவதற்கு முன்பே சொன்ன வார்த்தை இது. பின்னால் தலையைக் குனிந்தபடி கணவர். வங்கி அதிகாரி, வயது 46. தூக்கமில்லை, நெஞ்செரிச்சல், கண் எரிச்சல் என்று வந்திருந்தார்.

நாடி பிடித்துக்கொண்டே கேட்டேன். "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கறீங்க சார்?"

"ரெண்டு, ரெண்டரை ஆயிடும்."

"ஆபீஸ் வேலையா?"

அவர் வாய் திறக்கவில்லை. அம்மாதான் சொன்னார். "செல்போன்ல ஷூ பார்க்கிறார் டாக்டர். ஷூ முடிஞ்சா பை. பை முடிஞ்சா டார்ச். விடிய விடிய இதே வேலை!"

மூன்று வருடத்தில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் செலவு. ஷூ மூன்று ஜோடி, முதுகுப்பை நான்கு, தலையில் மாட்டும் டார்ச் ஐந்து, ஒரு கூடாரம், மடக்குக் கைத்தடிகள். எந்த ரப்பர் ஈரப் பாறையில் வழுக்காது, எந்தத் தையல் வழியாகத் தண்ணீர் நுழையும் என்று பத்து நிமிடம் எனக்குப் பாடமே நடத்திவிட்டார். முகத்தில் அப்படியொரு பிரகாசம்!

"சரி சார், இதுவரை எத்தனை மலை ஏறியிருக்கீங்க?"

பிரகாசம் அணைந்தது. "இன்னும் ஒண்ணும் இல்லை டாக்டர்..."

அந்த அம்மா பையிலிருந்து ஒரு சின்ன ஷூ ஜோடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. "பையன் ஏழாவது படிக்கிறப்போ வாங்கினது. 'அப்பா எப்பப்பா போறோம்?'னு தினம் கேட்பான். இப்ப பத்தாவது. இது அவன் காலுக்கு நுழையாது. அவன் கேட்கிறதையும் நிறுத்திட்டான்."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வாங்கும் முன்பே வரும் போதை

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். கேமரா, சமையல் பாத்திரம், தோட்டக் கருவி, யோகா விரிப்பு... நம் வீடுகளிலும் ஏதாவது ஒன்று உறை பிரிக்காமல் கிடக்கத்தானே செய்கிறது?

மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம். 1990-களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் சோதனை செய்தார். ஆரம்பத்தில் சாறு கிடைத்தபோது டோபமின் நரம்புகள் துடித்தன. ஆனால், சாறு வருவதற்கு முன் ஓர் அடையாளம் வரும் என்று குரங்கு பழகிக்கொண்டதும், அடையாளத்தைக் கண்டபோதே துடித்தன. எதிர்பார்த்தபடி சாறு வந்தபோது அவ்வளவாகத் துடிக்கவில்லை! ஆக, பொருளைவிடப் பொருளின் எதிர்பார்ப்புதான் ஆளை இழுக்கிறது. பார்சல் வீட்டுக்கு வந்ததும் உற்சாகம் வடிந்து, மனசு அடுத்த பொருளைத் தேடிப் போவது இதனால்தான்.

வாங்கும் வெறியை ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்லின் 1915-லேயே 'ஒனியோமேனியா' என்று எழுதிவைத்திருக்கிறார். நம் நண்பருக்கு அந்த அளவு முற்றவில்லை. கடன் வாங்கிப் பொருள் சேர்ப்பது, வீட்டாரிடம் மறைப்பது என்று போனால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஷூவுக்குள் ஒளிந்த பயம்

மனைவியைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க சார். ஏன் போகலை?"

நீண்ட மௌனத்துக்குப் பிறகு சொன்னார். "எங்கப்பா 48 வயசுல மாரடைப்புல போயிட்டார் டாக்டர். எனக்கு இப்ப 46. ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. மலையில ஏதாவது ஆயிட்டா பையன் தனியா என்ன பண்ணுவான்? எல்லாச் சாமானும் சரியா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நெனப்பு..."

இதுதான் விஷயம்! பயம் உடம்பைப் பற்றி. மருந்து தேடியதோ ஷூவில்!

ரத்த அழுத்தம் பார்த்தேன். 158/100. அன்றே இதய நிபுணரிடம் அனுப்பினேன். நல்லவேளை, இதயத்தில் அடைப்பு இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று நானும் கண்டிப்பாகச் சொன்னேன்.

என் பங்குக்குச் சொன்னவை: இரவு விழிப்பு பித்தத்தைக் கூட்டும்; அதனால் பத்து மணிக்கு செல்போன் மனைவி கைக்குப் போய்விட வேண்டும். எட்டு மணிக்குள் எளிய சாப்பாடு. வாரம் இருமுறை நல்லெண்ணெய்க் குளியல். சாப்பாட்டில் உப்பு குறைய வேண்டும். தினம் 40 நிமிட நடை. இதய நிபுணர் சம்மதித்த பிறகு, ஞாயிறுதோறும் நம்ம மலைக்கோட்டை.

"அங்க ஷூவைக் கீழேயே கழட்டணுமே டாக்டர்!"

"அதுக்காகத்தான் சார் சொல்றேன்!"

பாட்டியும் பெரியவரும்

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி. 11 பிள்ளைகள் பெற்றவர். 1955-ல், தம் 67-ஆவது வயதில், 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான அப்பலாச்சியன் மலைப் பாதையைத் தனியாளாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, தோளில் வீட்டில் தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை!

பாளையங்கோட்டையில் படித்தபோது, மூலிகை இனம் காணப் பொதிகை மலைக்குப் போனோம். வழிகாட்டியாக வந்த காணிப் பெரியவருக்குக் காலில் செருப்புகூட இல்லை. புது ஷூ போட்டுப் போன எனக்கு முதல் நாளே இரண்டு குதிகாலிலும் கொப்புளம்!

அதற்காகச் சாமானே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழகாத கால்களுக்குப் பாதுகாப்பு அவசியம். ஆனால் எது எவ்வளவு என்று தெரிந்து வாங்குங்கள்:

* ஷூவை மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

* புது ஷூவுடன் மலைக்குப் போகாதீர்கள். இரண்டு வாரமாவது ஊருக்குள் போட்டுப் பழகுங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் தரும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது.

* முதுகுச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும்.

* இறங்கும்போது கைத்தடி முழங்காலைக் காக்கும். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடியே போதும்!

* 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பரிசோதனை செய்யாமல் ஏறக் கூடாது. ஏறும்போது நெஞ்சு பாரம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

* வனத்துறை அனுமதியில்லாத பாதையில் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. எந்த விலை ஷூவும் அதைத் தடுத்திருக்காது.

ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மாலை அவரிடமிருந்து போன். குரலில் மூச்சிரைப்பும் சிரிப்பும்.

"டாக்டர், கொல்லிமலை ஆகாய கங்கையிலேர்ந்து வர்றோம். ஆயிரம் படிக்கு மேல! இறங்கிட்டேன். ஏர்றதுக்குள்ள நாலு இடத்துல உட்கார்ந்துட்டேன். பையன் திரும்பி வந்து தண்ணி கொடுத்துக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தான்."

"அவன் என்ன ஷூ போட்டுக்கிட்டான் சார்?"

"பள்ளிக்கூடத்து ஷூதான் டாக்டர்!"

"அந்தச் சின்ன ஷூ?"

"எங்க தெரு இஸ்திரிக்காரர் பையனுக்குக் கொடுத்துட்டோம். தினம் அதைப் போட்டுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போறான்."

கடைசியாக ரத்த அழுத்தம் பார்த்தபோது 132/84. பீரோவில் மறுபடியும் புடவைகள் ஏறிவிட்டனவாம். அதை அந்த அம்மாவே போனை வாங்கிச் சொன்னார்!